பூமி வாங்கி விற்கும் புதுத் தொழிலுக்கு வெப்சைட்: முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ரியல் எஸ்டேட் முதலீட்டுத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் வெப்சைட் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பெயர், பிறகு லோகோ, பிறகு டிசைன். வெப்சைட் வெளியான மறுநாள் ஒருவர் போன் செய்து "சர்வே நம்பர் சொல்லுங்க, பார்த்துட்டு வர்றேன்" என்கிறார். அங்கே பேச்சு நின்றுவிடுகிறது.

நம் ஊரில் பூமி வாங்குகிறவர் படத்தை நம்பி வருவதில்லை. பட்டாவை இசேவைத் தளத்தில் தட்டிப் பார்ப்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், அந்த ஊரில் ஒரு சொந்தக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார். இந்தச் சோதனைகளை எளிதாக்குகிற வெப்சைட்டுக்குத்தான் வேலை நடக்கிறது. கீழே உள்ள வரிசை அதற்காகவே. மாற்றினால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

1. எந்தத் தொழில் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

"ரியல் எஸ்டேட் முதலீடு" என்ற பெயரில் நான்கு தனித்தனித் தொழில்கள் இருக்கின்றன. பழைய வீடு, காடு (மானாவாரி பூமி), தோட்டத்தை உங்கள் பெயரில் வாங்கிச் சரிசெய்து விற்பது ஒன்று. பூமி வாங்கி லேஅவுட் போட்டு சைட்டாக (வீட்டுமனையாக) விற்பது இரண்டாவது. பிறர் சொத்தை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது மூன்றாவது. பலரிடம் பணம் சேர்த்துப் பூமி வாங்குவது நான்காவது.

இதை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், வெப்சைட்டில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது இதைப் பொறுத்தே மாறுகிறது. 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடும் லேஅவுட்டை, பதிவு எண் வாங்காமல் விளம்பரம் செய்யவே கூடாது. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 12.35 சென்ட்தான். அதாவது கால் ஏக்கரில் ஆறு சைட் பிரித்தாலும் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். அந்தச் சட்டத்துக்கு வெப்சைட்டும் விளம்பரம், வாட்ஸ்அப்பில் அனுப்பும் நோட்டீசும் விளம்பரம். "விரைவில் வருகிறது, இப்போதே புக் செய்யுங்கள்" என்று பதிவுக்கு முன்னால் ஒரு பக்கம் போடுவது புதியவர்கள் செய்யும் முதல் பெரிய தவறு. அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகலாம்.

பதிவான திட்டமென்றால் ரெரா எண்ணும் தமிழ்நாடு ரெரா ஆணையத் தளத்தின் முகவரியும் கண்ணுக்குப் படும் இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டால் போதாது. பதிவான திட்டங்களில் சைட் விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் தன் பெயரிலும் ரெரா பதிவு வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணும் வெப்சைட்டில் வரும்.

2. எழுதவே கூடாத சொற்களை இப்போதே ஒதுக்குங்கள்

"மாதம் இவ்வளவு நிச்சய வருமானம்", "மூன்று வருடத்தில் இரட்டிப்பு", "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்". இந்த மூன்றும் வெப்சைட்டில் ஏறிவிட்டால் நீங்கள் பூமி விற்பவர் என்ற நிலை மாறி, பணம் திரட்டுபவர் ஆகிவிடுவீர்கள். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய திட்டத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத்தையும் சேர்த்தே தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதல், வைப்புப் பணம் போட்டவர்களைக் காக்கும் டான்பிட் சட்டமும் இருக்கிறது. அதற்கான தனி நீதிமன்றம் கோவையிலேயே நடக்கிறது.

கொங்கு நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012-இல் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது பெருந்துறையைச் சுற்றிப் பணம் போட்டவர்கள் பட்ட பாடு இன்னும் வீடுகளில் பேசப்படுகிறது. "உறுதியான வருமானம்" என்ற சொல்லைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் பக்கத்தை மூடிவிடுவார். சட்டம் தடுக்காவிட்டாலும் அந்தச் சொல்லால் உங்களுக்கு நட்டம்தான்.

பலர் பணத்தைச் சேர்த்துப் பூமி வாங்குவதுதான் உங்கள் திட்டம் என்றால், வெப்சைட் வேலையை இங்கேயே நிறுத்துங்கள். செபி (பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிகள் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

3. ஆவணக் கட்டைச் சேருங்கள்

டிசைனருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு கோப்பு தயாராக வேண்டும். பட்டா, சிட்டா, எஃப்எம்பி (புல அளவை) வரைபடம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், வரி ரசீது. சைட் என்றால் டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) ஒப்புதல் எண்ணும் லேஅவுட் வரைபடமும். நகர எல்லைக்குள் என்றால் டிஎஸ்எல்ஆர் (நகர நில அளவைப் பதிவேடு).

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று இன்னும் நோட்டீஸ் அடிக்கிறார்கள். லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் ஒரு சைட்டாவது பத்திரமாகி விற்றிருந்தால்தான் வரன்முறை வழி வைத்தார்கள். அப்படிப்பட்ட சைட்டை விற்கிறீர்கள் என்றால் வரன்முறை ஆணை எண்ணைப் போடுங்கள். எண் இல்லையா, சைட்டே வெப்சைட்டில் வேண்டாம்.

தொண்டாமுத்தூர், ஆனைக்கட்டிப் பக்கம் மலையடிவாரக் கிராமங்கள் சில மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் வருகின்றன. அங்கே கட்டடம் கட்ட, சைட் பிரிக்கத் தனி அனுமதி வேண்டும். "மலை தெரியும் வீட்டுமனை" என்று எழுதுவதற்கு முன் அந்தக் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் நிலம், பூமிதான நிலம், நிபந்தனைப் பட்டா ஆகியவற்றையும் இதே கட்டத்தில் கழித்துவிட வேண்டும்.

4. அளவையும் ஊர்ச் சொல்லையும் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். "0-40.50" என்று இருப்பதை 40 சென்ட் என்று படித்துப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அது 40.50 ஏர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், நம் கணக்கில் 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது சைட் 1,200 சதுர அடி, அதாவது 2¾ சென்ட்.

கிரவுண்ட் கணக்கைத் தொடாதீர்கள். சென்னை டெம்ப்ளேட்டை வாங்கி அப்படியே ஏற்றினால் பக்கம் முழுக்கக் கிரவுண்டாக இருக்கும். பல்லடத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி சென்ட்டுக்கு மாற்றிக்கொண்டு உட்கார மாட்டார்.

சொற்களும் அப்படித்தான். இங்கே "மனை" என்பதைவிட "சைட்" என்றுதான் பேசுகிறோம். "நிலம்" என்பதைவிடப் "பூமி". மானாவாரி என்றால் "காடு", கிணற்றுப் பாசனம் என்றால் "தோட்டம்". தேடுகிறவரும் அந்தச் சொல்லையே தட்டுவார் என்பதால் தலைப்பிலேயே அதை வையுங்கள். பேச்சில் வழங்கும் ஊர்ப் பெயரோடு பட்டாவில் உள்ள வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், வில்லங்கம் போடப் போனவர் தவறான கிராமத்தில் தேடிவிட்டு "ஒன்றும் வரவில்லையே" என்று சந்தேகப்படுவார்.

5. டொமைனும் ஹோஸ்டிங்கும்

டொமைன் (வெப்சைட் முகவரி) பெயரைப் போனில் ஒரே முறை சொல்லி, எதிரில் இருப்பவரை ஆங்கிலத்தில் தட்டச் சொல்லுங்கள். "பூமி" என்பதையே மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். சோதித்த ஐந்து பேரில் இரண்டு பேர் தவறாகத் தட்டினால் அந்தப் பெயர் வேண்டாம்.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். டிசைனர் பெயரில் வாங்கவிட்டால், அவரோடு கணக்கு முறிந்த அன்று வெப்சைட்டும் மின்னஞ்சலும் சேர்ந்தே போய்விடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அப்போதே போட்டுவிடுங்கள்.

தொடக்கத்துக்கு வேர்ட்பிரஸ் போதும். இருபது முப்பது சொத்து வரைக்கும் தனி மென்பொருள் எழுதச் சொல்வது வீண் செலவு. சர்வர் மும்பை அல்லது பெங்களூரில் இருக்கும் ஹோஸ்டிங்காகத் தேர்ந்தெடுங்கள். எஸ்எஸ்எல் (பாதுகாப்புச் சான்று) இலவசமாகவே வரும். வாரம் ஒரு முறை தானியங்கி பேக்கப், அதுவும் அதே சர்வரில் இல்லாமல் வேறு இடத்தில்.

6. ஆறு பக்கங்கள் போதும்

முகப்பு, சொத்துப் பட்டியல், ஒவ்வொரு சொத்துக்கும் தனிப் பக்கம், "உங்கள் பூமியை எங்களுக்கு விற்க", எங்களைப் பற்றி, தொடர்பு. தனியுரிமைக் குறிப்பை அடிப்பகுதியில் இணைத்துவிடலாம்.

வாங்குபவரையும் விற்பவரையும் முகப்பிலேயே இரண்டு பொத்தானாகப் பிரித்துவிடுங்கள். இருவரின் கேள்வியும் வேறு. விற்க வருபவர் பெரும்பாலும் பாகப்பிரிவினை முடியாத சொத்து, வங்கிக் கடன் பாக்கி, வெளியூரில் இருப்பதால் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடு என்று ஏதோ ஒரு சிக்கலோடு வருவார். அவருக்கு "என்னென்ன ஆவணம் கொண்டுவர வேண்டும், விலை எத்தனை நாளில் சொல்வீர்கள், பணம் எப்படித் தருவீர்கள்" என்ற மூன்றுக்கும் நேரடியாகப் பதில் எழுதுங்கள். பணம் வங்கி வழியாகத்தான் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை.

"எங்களைப் பற்றி" பக்கத்தில் இணையத்தில் எடுத்த கோட் சூட் படங்கள் வேண்டாம். உங்கள் அலுவலக வாசல், போர்டு, நீங்கள். அது போதும்.

7. சொத்துப் பக்கம்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

வழக்கமாக எழுதுவது இப்படி: "அன்னூர் அருகே அருமையான 3 ஏக்கர் பூமி, நல்ல தண்ணீர் வசதி, ரோட்டு மேல். விலை நேரில்." இதில் சரிபார்க்கக்கூடிய ஒரு சொல் கூட இல்லை.

அதே பூமியை இப்படி எழுதலாம்: "கோவை மாவட்டம், அன்னூர் வட்டம், இன்ன வருவாய்க் கிராமம், சர்வே எண் (க.ச. எண்) 214/2ஏ. பட்டாவில் 1-26.50 ஹெக்டேர், ஏறக்குறைய 3 ஏக்கர் 12½ சென்ட். தார் ரோட்டிலிருந்து 180 மீட்டர் இட்டேரி, அகலம் 18 அடி. எஃப்எம்பியில் பாதையாகக் காட்டியிருக்கிறது. போர் 2, ஒன்றில் மட்டும் தண்ணீர் உண்டு, மே மாதம் ஓட்டிப் பார்த்தது. கிணற்றில் நாலில் ஒரு பங்கு. 5 எச்பி மின் சர்வீஸ் 1. சர்வீஸில் பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை."

இரண்டாவதில் குறையும் இருக்கிறது. ஒரு போர் வறண்டது, சர்வீஸ் பெயர் மாறவில்லை. அதை எழுதினால் ஆள் வரமாட்டார் என்று பயப்பட வேண்டாம். எப்படியும் தெரியப்போகிற விஷயம். நேரில் வந்து தெரிந்துகொண்டால் விலையைக் குறைத்துக் கேட்பார், முன்னாலேயே தெரிந்து வந்தால் அந்த விலைக்கே மனதைத் தயார் செய்துகொண்டு வருவார்.

ஒவ்வொரு பூமிப் பக்கத்திலும் தவறாமல் வர வேண்டியவை தடமும் (பூமிக்குப் போகும் வழி) தண்ணீரும். தடம் என்றால் பொதுத்தடமா, பத்திரத்தில் எழுதிய தனித்தடமா, பக்கத்துக்காரர் வாய்ப்பேச்சில் விட்டதா என்று எழுத வேண்டும். வாய்ப்பேச்சுத் தடம் உள்ள பூமிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். தண்ணீர் என்றால் போர், கிணறு மட்டும் அல்ல. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன ஆயக்கட்டா, கோபி, பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி ஆயக்கட்டா என்பதும் விலையை மாற்றும்.

வில்லங்கம் பார்க்க ஏதுவாகச் சார்பதிவாளர் அலுவலகம், ஆவண எண், ஆண்டு மூன்றையும் கொடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தை யாரும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பத்திரத்தை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றிவிடாதீர்கள். அதில் விற்றவரின் போட்டோ, ஆதார் எண், பான் எண், கைரேகை எல்லாம் இருக்கும். பார்க்க விரும்புகிறவருக்கு அலுவலகத்தில் காட்டலாம்.

விலையை மறைக்காதீர்கள். சென்ட் விலை, மொத்த விலை இரண்டும். அதோடு விலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி என்று ஒரு வரி. முதன்முறை வாங்குகிறவர் பலர் இந்த 9 சதவீதத்தைக் கணக்கில் சேர்க்காமலே வந்து, கடைசி நாளில் திண்டாடுகிறார்கள்.

தோட்டம், தென்னந்தோப்பு, பண்ணை வீடு என்றால் இன்னொரு வரி கட்டாயம்: வெளிநாடுவாழ் இந்தியர்கள் இவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விசாரணை நிறைய வரும். முன்பணம் வாங்கிய பிறகு இது தெரிந்தால் இரு பக்கமும் மனக்கசப்பு. அவர்களுக்கு வீட்டு சைட்டும் வீடும் காட்டலாம்.

8. படங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றாதீர்கள். தரம் குறைந்தே வரும். போனைப் படுக்கையாகப் பிடித்து, காலை எட்டரைக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் எடுங்கள். உச்சி வெயிலில் கரிசலும் செம்மண்ணும் வெளுத்துப்போய் ஒன்றுபோலத் தெரியும்.

எடுக்கும் வரிசை: மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் இடம், தடம், நுழைவு, நான்கு மூலை அத்துக்கல், கிணறு அல்லது போர், மின்கம்பம். வாங்குகிறவர் நடந்து பார்க்கும் வரிசையும் இதுதான். ஒவ்வொரு படமும் 1,600 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம், 200 கேபிக்குள். நேராக போனிலிருந்து ஐந்து எம்பி படங்களைப் பத்து ஏற்றினால், தாராபுரம் தாண்டி ஒரு புள்ளி சிக்னலில் பார்க்கிறவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது.

9. தமிழ் எழுத்து

டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய நோட்டீஸ் எழுத்து பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம். அதை வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும்; கூகுளுக்கும் புரியாது. யூனிகோடில் மாற்றியே ஏற்றுங்கள்.

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துரு, குறைந்தது 16 பிக்சல், வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்கு. மேலும் கீழும் நீளும் நம் எழுத்துகள் பக்கத்து வரியில் இடிக்காமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். ஆங்கிலத்துக்குச் செய்த பொத்தானில் தமிழ்ச் சொல் உடைந்து இரண்டு வரியாகும். "விசாரிக்க", "அழைக்க" என்று சின்னச் சொல்லாக வையுங்கள்.

தானியங்கி மொழிபெயர்ப்பு பட்டனைப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் வீட்டு சைட்டைக் குறிக்கும் சொல்லுக்குச் சதித்திட்டம் என்றும் ஒரு பொருள் உண்டு. இயந்திரம் "5 சென்ட் சதி விற்பனைக்கு" என்று எழுதிவிட்டால் அதைப் பார்த்தவர் வேறு எதையும் படிக்க மாட்டார். இரண்டு மொழி வேண்டுமென்றால் இரண்டையும் ஆளே எழுத வேண்டும்.

10. விசாரணைப் படிவமும் வாட்ஸ்அப்பும்

பெயர், போன் எண், எந்தச் சொத்து. மூன்றே கட்டங்கள். பட்ஜெட், தொழில், முகவரி என்று நீட்டினால் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். விற்பவருக்கான படிவத்தில் மட்டும் ஊர், பரப்பு என இரண்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

படிவத்தின் கீழே "இந்த விசாரணைக்காக மட்டும் உங்களை அழைப்போம்" என்ற ஒப்புதல் பெட்டி வையுங்கள். முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது அதைத்தான். அந்த எண்ணை இன்னொரு புரோக்கருக்குக் கொடுத்தால், ஒரே வாரத்தில் அவருக்கு இருபது அழைப்பு போகும். உங்கள் பெயர்தான் கெடும்.

வேர்ட்பிரஸ் படிவத்திலிருந்து வரும் மின்னஞ்சல் ஸ்பேமில் விழுவது எல்லோருக்கும் நேரும் கோளாறு. சர்வர் நேரடியாக அனுப்புவதுதான் காரணம். எஸ்எம்டிபி (மின்னஞ்சல் கணக்கு வழியாக அனுப்பும்) பிளக்கின் போட்டு, மின்னஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேருங்கள். போட்டபின் ஜிமெயில் ஒன்றுக்கும் வேறொரு மின்னஞ்சலுக்கும் வரவைத்துச் சோதித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணுக்கு முன்னால் 91 மட்டும். கூட்டல் குறி, பூஜ்ஜியம், இடைவெளி எதுவும் கூடாது. தட்டியதும் சொத்தின் எண் செய்தியில் தானாக வரும்படி அமையுங்கள். இல்லையென்றால் "அந்த பூமி இருக்குங்களா?" என்று மட்டும் வரும், எந்தப் பூமி என்று கேட்பதற்குள் அவர் அடுத்தவருக்குப் போன் போட்டிருப்பார்.

ஆன்லைனில் அட்வான்ஸ் கட்டும் பொத்தான் தொடக்கத்தில் வேண்டாம். ரெரா திட்டத்தில் பதிவான ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது.

11. கூகுளில் தெரிய வைப்பது

கூகுள் சர்ச் கன்சோலில் வெப்சைட்டைச் சேர்த்து சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள். கூகுள் பிசினஸ் கணக்கில் அலுவலக முகவரியைப் பதியுங்கள்; சரிபார்க்க வீடியோ கேட்டால் தெரு, போர்டு, உள்ளே என்று தொடர்ச்சியாக எடுக்க வேண்டியிருக்கும். போர்டு மாட்டிய பிறகே விண்ணப்பியுங்கள். அடுத்து வட்டம் வாரியாக ஒரு பக்கம்: சூலூர், அவிநாசி, பல்லடம், கோபி. ஒரே எழுத்தை ஊர்ப் பெயர் மட்டும் மாற்றி ஒட்டினால் பயனில்லை. அந்த வட்டத்தில் உங்களிடம் சொத்து இருந்தால் மட்டும் பக்கம் போடுங்கள்.

12. வெளியிடும் முன் ஒரு நாள்

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்துக்கொண்டு, வைஃபையை அணைத்து, நகரத்துக்கு வெளியே போய்த் திறந்து பாருங்கள். முதல் பெரிய படம் இரண்டரை விநாடிக்குள் வர வேண்டும். பிறகு தொழிலுக்குச் சம்பந்தமில்லாத பெரியவர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, "இந்த பூமியோட வில்லங்கம் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே திருத்தம் வேண்டும். பெரும்பாலும் சர்வே எண் உட்பிரிவு, கிராமப் பெயர் இரண்டில் ஒன்றில்தான் நிற்பார்கள்.

13. வெளியிட்ட பிறகு

விற்ற சொத்தின் பக்கத்தை அழிக்காதீர்கள். விலையையும் சர்வே எண்ணையும் எடுத்துவிட்டு "விற்பனை முடிந்தது" என்று மேலே எழுதி, அதே வட்டத்தில் உள்ள மற்ற சொத்துகளுக்கு இணைப்பு கொடுங்கள். வாங்கியவர் பெயரோ படமோ அவர் எழுத்தில் சம்மதம் தராமல் வேண்டாம்.

திங்கள்கிழமை தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விலை மாறியதா, படிவம் வேலை செய்கிறதா, பிளக்கின் அப்டேட் நிற்கிறதா. வில்லங்கத்தில் புதிதாக ஏதும் ஏறியிருக்கிறதா என்று மாதம் ஒரு முறையாவது மறுபடி போட்டுப் பார்த்து, "கடைசியாகச் சரிபார்த்த தேதி" என்று சொத்துப் பக்கத்தில் மாற்றிவிடுங்கள்.

நோட்டீசிலும் பேனரிலும் கார்டிலும் வெப்சைட் முகவரி ஒரே மாதிரி இருக்கட்டும். பேனரில் கியூஆர் அச்சிடுகிறீர்கள் என்றால் முகப்புக்கு அனுப்பாமல் அந்தச் சொத்தின் பக்கத்துக்கே அனுப்புங்கள். பூமியின் முன்னால் வண்டியை நிறுத்தி ஸ்கேன் செய்கிறவர் அந்தப் பூமியைத்தான் தேடுகிறார்.